சுபம் போடலாமா?

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதினேன். தஞ்சை மராட்டியர் காலத்துக் கதை. அதில் அரண்மனையில் வீணை வாசிக்கும் ஒரு பெண்ணும், அந்தப்புரத்தில் பூத்தொடுக்கும் ஒரு பெண்ணும் வருவார்கள். இருவருக்கும் இடையே இருந்தது வெறும் சிநேகிதமல்ல என்பதை நான் வெளிப்படையாகச் சொல்லவில்லை, சொல்லாமலும் விடவில்லை. கதை முடிவதற்கு முந்தின வாரம், ஆடிப்பெருக்கன்று, பூத்தொடுப்பவளைக் காவிரியில் இறக்கிவிட்டேன். அந்த வாரம் வந்த பாராட்டுக் கடிதங்களைப் போல் எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. "படித்துவிட்டு இரவு சாப்பிடவில்லை" என்று எழுதியவர்கள் கூட உண்டு. வாசகரைப் பட்டினி போட்டதில் எனக்கு நிரம்பப் பெருமை.

சென்ற ஆண்டு, அந்தக் கதையைப் புத்தகமாகப் படித்த ஒரு பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய ஊரையும் பேரையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. பாராட்டு ஒரு வரிதான் இருந்தது. அடுத்த வரி இது: "ஐயா, அவளை ஏன் கொன்றீர்கள்?" அதற்குக் கீழே, தாமும் அந்த வீணைக்காரியைப் போன்றவர்தாம் என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். "நான் படித்த கதைகளில் எங்களைப் போன்றவர்கள் தண்ணீரில் போகிறார்கள், நெருப்பில் போகிறார்கள், இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்திக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஏதாவது ஒரு சரித்திரக் கதையில் நாங்கள் கடைசிப் பக்கம் வரையில் உயிரோடு இருந்தால், அதன் பெயரைச் சொல்லுங்கள். எந்த பாஷையாக இருந்தாலும் பரவாயில்லை. வாங்கிப் படித்துக்கொள்கிறேன்."

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். "அம்மா, அந்தக் காலம் அப்படி. சரித்திரத்துக்கு விரோதமாக நான் எப்படி எழுதுவது?" என்று ஆரம்பித்தேன். நாலு வரி எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதே தொடர்கதையில் கதாநாயகன் கோட்டை மதிலிலிருந்து குதிரையோடு அகழியில் குதித்து, நனையாத தலைப்பாகையோடு அக்கரை ஏறுகிறான். அதற்கு எந்தச் சரித்திரத்திடம் அனுமதி வாங்கினேன்? ஒரு குதிரைக்குக் காட்டிய தாராளத்தை அந்தப் பெண்ணுக்கு நான் காட்டவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

எனக்குச் சரியான பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதனால் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தியவன் நான். இங்கிலீஷ் நாவலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். ஆகையால் ஒரு வருஷம் பிடித்தது. படித்தவற்றில் சிலவற்றை உங்களுக்கும் சிபாரிசு செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஆனால் சிபாரிசுக்கு முன்னால் ஒரு வழக்கு இருக்கிறது.

வழக்குத் தொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். மாலை நேரங்களில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் அவருக்கு ஆசனம். விஷயத்தைச் சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்டனம் வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம்.

"தம்பி, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலித்ததைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. கிரேக்கச் சரித்திரம் நடத்தியவன் நான். ஆனால் அவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது சிறையும் அவமானமும். அதை மறைத்து, 'சுகமாக வாழ்ந்தார்கள், சுபம்' என்று எழுதினால் அது புளுகு. புளுகு மட்டுமல்ல, பாவமும் கூட. துன்பப்பட்டவனுக்குக் கதையிலே சுகம் கொடுத்துவிட்டால், துன்பம் கொடுத்தவன் தப்பித்துப் போய்விடுகிறான் அல்லவா?"

சாமானியமான ஆட்சேபணையல்ல இது. முதல் பாதிக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு நாவலின் பின்னுரையில்.

இ. எம். பார்ஸ்டரை இந்தியாவைப் பற்றிய நாவலால் நமக்குத் தெரியும். அவர் 1913-ம் வருஷத்தில் 'மாரிஸ்' என்று ஒரு நாவல் எழுத ஆரம்பித்து, அடுத்த வருஷம் முடித்தார். நடுத்தர வர்க்கத்துப் படிப்புள்ள ஒருவனும், வேட்டைக்காட்டுக் காவல்காரன் ஒருவனும் காதலிக்கிறார்கள். கடைசியில் யாரும் சாவதில்லை. இருவரும் சேர்ந்து வாழப் போகிறார்கள். ஆஸ்கார் வைல்டு 1895-ல் இரண்டு வருஷம் கடுங்காவல் பெற்ற தேசம் அது. பார்ஸ்டர் நாவலை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் படிக்கக் கொடுத்தார். 1967-ல் அங்கே சட்டம் தளர்ந்தது. அப்போதும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1970-ல் அவர் காலமானார்; 1971-ல் புத்தகம் வெளிவந்தது. எழுதியபோது சமூக நாவல். அச்சாகும்போது சரித்திர நாவல்! 1960-ல் எழுதிவைத்த பின்னுரையில், சந்தோஷமான முடிவு கட்டாயம் வேண்டும் என்று நினைத்தே எழுதியதாகச் சொல்கிறார். காதலர்களில் ஒருவனைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தால் பிரசுரத்துக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திராது என்ற கருத்தும் அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது என் காவிரி ஞாபகம் வந்தது.

அந்த முடிவை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் முக்கியம். ஆகாயத்திலிருந்து அல்ல. ஷெபீல்டு நகருக்கு அருகே மில்தார்ப் என்ற கிராமத்தில் எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற எழுத்தாளர் இருந்தார். இலங்கைத் தமிழர் சர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் நண்பர் அவர். 1890-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்துபோனவர். அவரோடு ஜார்ஜ் மெரில் என்ற ஏழைத் தொழிலாளி 1898 முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தார். மெரில் 1928-ல் இறந்தார். கார்ப்பென்டர் அடுத்த வருஷமே போய்விட்டார். முப்பது வருஷக் குடித்தனம்! பார்ஸ்டர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து எழுதியதுதான் 'மாரிஸ்'. புளுகு என்று ஆசிரியர் சொல்லும் சுபத்தை அவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

"ஒரு வீடு இருந்தது, சரி. சரித்திரம் என்பது பொதுவில் நடந்தது அல்லவா?" என்றார் ஆசிரியர்.

பொதுவில் நடந்தது நமக்கு எப்படித் தெரியும்? கோர்ட்டு தஸ்தாவேஜுகளிலிருந்து, போலீஸ் குறிப்புகளிலிருந்து, சிறைப் பதிவுகளிலிருந்து. அங்கே யாருடைய பெயர் இருக்கும்? அகப்பட்டுக்கொண்டவன் பெயர்தான் இருக்கும். அகப்படாமல், அக்கம்பக்கத்தாருக்கு மோர் கொடுத்து வாங்கிக்கொண்டு நாற்பது வருஷம் வாழ்ந்து மடிந்த இருவரைப் பற்றி எந்த நீதிபதி தீர்ப்பு எழுதுவான்? ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, ஊரில் எல்லோரும் நோயாளிகள் என்று முடிவு கட்டுவது போலத்தான் இதுவும். வைல்டின் வழக்கு சரித்திரத்தில் இருக்கிறது. அதே லண்டனில் அன்றிரவு கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் சரித்திரத்தில் இல்லை.

இருக்கிற காகிதத்தையும் மனிதர்கள் விட்டு வைப்பதில்லை. இங்கிலாந்தில் ஹாலிபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஷிப்டன் ஹால் என்ற பழைய மாளிகை இருக்கிறது. அங்கே ஆன் லிஸ்டர் என்ற சீமாட்டி வாழ்ந்தாள். 1791-ல் பிறந்து 1840-ல் இறந்தவள். அவள் எழுதிய நாட்குறிப்பு ஏறக்குறைய ஐம்பது லட்சம் சொற்கள் கொண்டது. (தொடர்கதைக்காரனான எனக்கே தலை சுற்றுகிறது.) அதில் ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணக்குக் குறிகளும் கலந்த ரகசிய லிபி. 1890-களில் அந்தக் குடும்பத்து ஜான் லிஸ்டரும் ஆசிரியரான ஒரு நண்பரும் சேர்ந்து லிபியை உடைத்தார்கள். படித்துப் பார்த்தால், அவள் பெண்களைக் காதலித்த கதை! நண்பர் நாட்குறிப்பைக் கொளுத்திவிடச் சொன்னார். ஜான் லிஸ்டர் கொளுத்தவில்லை. சுவர்ப் பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்தார். 1988-ல்தான் அந்தப் பகுதிகள் புத்தகமாக வெளிவந்தன. 1834-ல் அவளும் ஆன் வாக்கர் என்ற பெண்ணும் யார்க் நகரத்து மாதாகோவில் ஒன்றில் சேர்ந்து நற்கருணை வாங்கி, அதையே தங்கள் கல்யாணமாக வைத்துக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரிவது அந்தப் பலகையின் புண்ணியத்தால். கொளுத்தியிருந்தால், "அந்தக் காலத்தில் அப்படி எதுவும் கிடையாது, தம்பி" என்று ஆசிரியர் என்னிடம் சொல்லியிருப்பார். கொளுத்தச் சொன்னவரும் ஆசிரியர்தான் என்பதை நான் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை. மரியாதை இருக்கிறதல்லவா?

நாவலாசிரியன் வேலை செய்யவேண்டிய இடம் இந்த வெற்றிடம்தான். கல்கி 1950-ல் 'பொன்னியின் செல்வ'னை ஆரம்பித்தபோது நந்தினிக்குக் கல்வெட்டு ஏதும் இருக்கவில்லை. ஆதித்த கரிகாலன் கொலையில் சரித்திரம் ஒரு பள்ளத்தை விட்டு வைத்திருந்தது. அதை அவர் நிரப்பினார். இன்றுவரை அவரைப் புளுகர் என்று யாரும் சொன்னதில்லை.

"அப்படியானால் நாளைக்குப் பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் காதலர்களாக்கி விடுவாய் போலிருக்கிறதே!" என்றார் ஆசிரியர்.

ஆக்க மாட்டேன். கண்ணால் காணாமலே ஒருவனுக்காக ஒருவன் உயிர் விட்டது நட்பு என்று நூல் சொல்கிறது. அது நட்பாகவே இருக்கட்டும். நட்பு காதலுக்குக் கீழ்ப்படி ஒன்றும் அல்லவே! வெற்றிடத்தை நிரப்பலாம், இருக்கிற சுவரை இடிக்கக்கூடாது. இந்த நியாயத்தை மறந்து எழுதப்பட்ட நாவல்களும் ஏராளம். இந்த நூற்றாண்டு மனிதர்களுக்குப் பழங்காலத்து உடுப்பைப் போட்டு நாட்டிய நாடகம் நடத்துகிறார்கள். அவற்றை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான் முதலில் சிபாரிசு செய்வது 'பேஷன்ஸ் அண்டு ஸாரா'. எழுதியவர் ஆல்மா ரௌட்சாங் என்ற அமெரிக்கப் பெண்மணி. இஸபெல் மில்லர் என்ற புனைபெயரில் எழுதினார். 1969-ல் ஆயிரம் பிரதிகள் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு, தாமே சுமந்துபோய் விற்றார். பிறகுதான் பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. நியூயார்க் மாகாணத்துக் கிரீன் கவுண்டியில் 1820-ஐ ஒட்டி மேரி ஆன் வில்சன் என்ற ஓவியக்காரி, மிஸ் பிரண்டேஜ் என்ற தோழியோடு குடியிருந்தாள். தோழி நிலத்தை உழுவாள். இவள் பழச்சாறும் செங்கற்பொடியும் குழைத்துப் படம் எழுதி அக்கம்பக்கத்துக் குடியானவர்களுக்கு விற்பாள். சரித்திரத்தில் இருப்பது இவ்வளவே. இதை வைத்துக்கொண்டு ஆசிரியை ஒரு காதல் கதையை நெய்திருக்கிறார். பேஷன்ஸ் வசதியுள்ள வீட்டுப் பெண், படம் எழுதுகிறவள். ஸாரா ஏழை, தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கோடாலி பிடித்து ஆண்பிள்ளை போல் வளர்ந்தவள். இருவருக்கும் தேவைப்படுவது காதல் மட்டுமல்ல; சொந்தமாகக் கொஞ்சம் நிலமும், மேலே ஒரு கூரையும். நிலத்துக்குப் பணம் எங்கே, பெண்கள் இரண்டு பேர் தனியாகப் பிரயாணம் செய்வது எப்படி, மாடு யார் வாங்குவது? இந்தக் கணக்குகளிலேயே காதல் வளர்கிறது. குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் இந்தக் கதையின் ருசி முழுவதும் தெரியும். பயந்து பயந்து படித்தேன். ஒவ்வொரு ஆறு வரும்போதும் ஒருத்தியை இறக்கிவிடப் போகிறாரே என்று எனக்குத் திகில். என் பழக்கம் எனக்கு! யாரும் இறங்கவில்லை.

மேரி ரெனால்ட்டின் 'தி லாஸ்ட் ஆப் தி ஒயின்' (1956) வேறு மாதிரி. ஸாக்ரடீஸின் காலத்து ஏதென்ஸ். அலெக்ஸியாஸ், லைசிஸ் என்ற இரண்டு வீரர்கள். யுத்தம், பஞ்சம், கொடுங்கோல் ஆட்சி. கம்பீரமான நடை. கடைசியில் லைசிஸ் சாகிறான். அப்படியிருந்தும் கடிதம் எழுதிய பெண்மணிக்கு இதைச் சொன்னேன். ஏனென்றால் அவன் காதலித்ததற்காகச் சாகவில்லை. கொடுங்கோலரை எதிர்த்து, ஊருக்காகச் சாகிறான். எந்தக் கதாநாயகனும் சாகக்கூடிய சாவு அது. சாவு வேறு, தண்டனை வேறு. என் பூத்தொடுப்பவளுக்கு நான் கொடுத்தது தண்டனை. இந்த வித்தியாசத்தை இந்தப் புத்தகத்தில்தான் கற்றுக்கொண்டேன். மேரி ரெனால்ட் நர்ஸாக இருந்தவர். உடன் பயின்ற ஜூலி முல்லார்டோடு 1948-ல் தென்னாப்பிரிக்காவுக்குக் குடியேறி, 1983-ல் இறக்கும் வரை சேர்ந்தே வாழ்ந்தார். அப்படிப்பட்டவருக்குப் பெண் பாத்திரங்களை எழுதும்போது மட்டும் பேனாவில் மை வற்றிவிடுகிறது. இது என் மனக்குறை.

மேட்லின் மில்லரின் 'தி ஸாங் ஆப் அக்கிலீஸ்' (2011) இளைஞர்கள் கையில் அதிகம் புரளுகிறது. ட்ராய் யுத்தக் கதை தெரிந்தவர்களுக்கு முடிவும் தெரியும். கைக்குட்டையோடு உட்காருங்கள்.

கதைக்குள் கதை, சூழ்ச்சிக்குள் சூழ்ச்சி வேண்டும் என்பவர்களுக்கு ஸாரா வாட்டர்ஸின் 'பிங்கர்ஸ்மித்' (2002). தலைப்பு அந்தக் காலத்து லண்டன் திருடர்கள் பேச்சு. நம் பாஷையில் முடிச்சவிழ்க்கி என்று வைத்துக்கொள்ளலாம். திருடர் குடும்பத்தில் வளர்ந்த ஒருத்தி, ஒரு பணக்காரப் பெண்ணை ஏமாற்றுவதற்காக அவளிடம் வேலைக்காரியாகப் போகிறாள். இதற்குமேல் நான் சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். நடுவில் ஓரிடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, "அடடா!" என்று உரக்கக் கத்தினேன், என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். பார்க் சான்-வூக் என்ற கொரிய டைரக்டர் இதை ஜப்பானியர் ஆண்ட கொரியாவுக்கு மாற்றி 2016-ல் படம் எடுத்தார். பொருத்தமாகவே உட்கார்ந்தது.

இதில் படுக்கையறைக் காட்சிகள் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாண்டில்யனின் கதாநாயகி வருணனைகளை அப்பா முடித்த பிறகு அம்மாவும், அம்மா முடித்த பிறகு நாமும் எடுத்துப் படித்த வீடுகள் நம்முடையவை.

ஆசிரியருடைய ஆட்சேபணையின் இரண்டாம் பாதி பாக்கியிருக்கிறது. சுபம் போட்டால் துன்பம் கொடுத்தவன் தப்பித்துவிடுவானா?

இதற்கு ஐரிஷ் எழுத்தாளர் செபாஸ்டியன் பாரியின் 'டேஸ் வித்தவுட் எண்ட்' (2016) நாவலைப் பாருங்கள். தம் மகன் தன்பால் காதலன் என்று வீட்டில் சொன்ன பிறகு, அவனுக்காகத் தகப்பன் எழுதிய நாவல் இது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போன தாமஸ், ஜான் கோல் என்ற இன்னொரு பையனைச் சந்திக்கிறான். இருவரும் பட்டாளத்தில் சேர்கிறார்கள். செவ்விந்தியர்களை வேட்டையாடும் பட்டாளம் அது. இவர்களும் சுடுகிறார்கள். பிறகு, அநாதையான ஒரு செவ்விந்தியப் பெண் குழந்தையை மகளாக எடுத்து வளர்க்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்களுடைய காதல் சுத்தமாக இருக்கிறது. கைகள் சுத்தமாக இல்லை. பாரி இரண்டையும் மறைக்கவில்லை. சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டதால் அங்கே ஒரு குற்றவாளியும் தப்பவில்லை.

யோசித்துப் பார்த்தால், தப்ப விட்டது என் கதைதான். என் வாசகர்கள் அழுதார்கள். ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டார்கள். அழுததோடு கணக்குத் தீர்ந்தது. அவளை ஆற்றுக்குத் துரத்திய அரண்மனையையோ ஊரையோ யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்க வைக்கவில்லை. அந்தப் பெண் உயிரோடு அக்கரை ஏறி, வீணைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்? அப்போது வாசகர்கள் கொஞ்சம் சங்கடப்பட்டிருப்பார்கள். இவர்களை நம் தெருவில் குடிவைப்போமா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் நான் ஆற்றை வரவழைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்த 377-ம் பிரிவு, அவன் நாட்டிலேயே சட்டம் தளர்ந்து ஐம்பத்தொரு வருஷம் கழித்து, 2018 செப்டம்பர் 6-ம் தேதிதான் இங்கே இந்தக் காதலை விட்டு விலகியது. என் தொடர்கதை அதற்கு முன் எழுதியது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எந்த வக்கீலும் வந்து, அவளைக் கொல்லச் சொல்லி என்னைக் கேட்கவில்லை.

அந்தப் பெண்மணிக்கு நாலு பக்கம் பதில் எழுதினேன். மேலே சொன்ன பெயர்களை எல்லாம் எழுதி, 'பேஷன்ஸ் அண்டு ஸாரா'வை முதலில் படியுங்கள் என்றேன். பழைய கதையின் முடிவை மாற்றலாமா என்று பதிப்பாளரிடம் யோசனை கேட்டேன். புது அச்சுக்குச் செலவு ஆகும் என்றார் அவர். எனக்கும் அது சரியென்று படவில்லை. செய்ததைச் செய்யாதது போல் துடைத்துவிடுவதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. வேறு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஆறு வருகிறது. ஒரு பரிசலும் வருகிறது.

என்னிடமிருந்த பிரதியை ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் திண்ணைக்கு வரவில்லை. பதினோராம் நாள் வந்து, கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த நிஜமான ஓவியக்காரி வில்சன்... தோழி இறந்த பிறகு என்ன ஆனாள்?"

"தெரியாது, சார். தோழி போன பிறகு அவளும் அந்த ஊரை விட்டுப் போய்விட்டாளாம். அதற்கப்புறம் தகவலே இல்லை."

"அதெப்படி? எங்கேயாவது போயிருப்பாளே!" என்றார் அவர், கோபமாக.

புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.